அணை உடைந்த ஊரும் தேடுபொறியும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'நான் வாழும் ஊர்' என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி அம்பாங் பெச்சாவைப் பற்றி எழுதி வந்தாள். 1883-ஆம் ஆண்டில் அணை உடைந்தது, வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த கேடு அது என்று ஊரார் பேசிக்கொண்டது, ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங் வெள்ளத்தில் மாண்டது என எல்லாம் சரியாகவே இருந்தன. மலாய்ப் பக்கங்களிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதியிருந்தாள். நல்ல உழைப்புதான். ஆனால், அவள் பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய தோட்டத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஏனம்மா என்று கேட்டேன்.

"தேடிப் பார்த்தேன் டீச்சர். தமிழ்ல ஒன்னும் வரல. நம்ம தோட்டம் இல்ல போல" என்றாள்.

இல்லை போல! அந்தத் தோட்டம் இருந்த இடம் பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. பாட்டி வீட்டில் இருக்கிறார். ஆயினும் தேடுபொறி தரவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு அது இல்லாத ஒன்று. இந்த நிலை எப்படி வந்தது என்று பல நாள் யோசித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை. கூகிள் நிறுவனம் தமிழுக்குள்ளும் நம் நாட்டுப் பள்ளிகளுக்குள்ளும் வந்த வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

அயலூர் வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அம்பாங் பெச்சா வட சிலாங்கூரில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில், கோல குபு பாருவை ஒட்டிய ஊர். மலாய்மொழியில் 'அம்பாங்' என்றால் அணை. 'பெச்சா' என்றால் உடைந்தது. ஈயம் அலசுவதற்காக நீரைத் தேக்கிய பழைய அணை அது. உடைந்தபோது அன்றைய கோல குபு நகரத்தை அடித்துக்கொண்டு போனது. பின்னாளில் வண்டலும் வெள்ளமும் தொடர்ந்ததால் நகரமே இடம்பெயர்ந்து 'பாரு', அதாவது புதியது, ஆயிற்று. இப்பக்கத்து இரப்பர்த் தோட்டங்களும் கோல சிலாங்கூர் வரை நீண்ட தோட்டங்களும் அதன் பின்னர் எழுந்தவை. தமிழர்கள் வந்து குடியேறியது பெரும்பாலும் அவற்றில்தான்.

இனி இணையத்திற்கு வருவோம்.

நம் நாட்டில் முதல் இணையச் சேவையான ஜாரிங் 1992-இல் தொடங்கியது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் கணினி அறையில் யாகூவும் அல்டாவிஸ்டாவும்தான் எங்களுக்குத் தெரிந்த தேடுதளங்கள். ஆங்கிலத்தில் தேடினால் ஏதாவது கிடைக்கும். தமிழில் தேட வழியே இல்லை. தமிழ்ப் பக்கங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு இதழ்கள் சில வரத் தொடங்கியிருந்தன. ஆனால், ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அதை இறக்கிக் கணினியில் நிறுவாவிட்டால் திரையில் தெரிவது தமிழாக இராது. மேலும் கீழும் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாக இருக்கும். கல்லூரிக் கணினியில் எழுத்துரு நிறுவ எங்களுக்கு அனுமதி கிடையாது. அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு எழுந்து வந்த நாள்கள் பல.

இந்தச் சிக்கலைப் பெற்றோர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். வகுப்பறையில் நாற்காலிகளுக்கு எண் இட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 171-ஆம் நாற்காலியில் 'அ' அமர்ந்திருக்கிறது. அடுத்த வகுப்பில் அதே நாற்காலியில் 'ழ' அமர்ந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பில் 'கை'. வெளியிலிருந்து வருபவர் "171-இல் இருப்பவரைக் கூப்பிடு" என்றால் யார் வருவார்? தேடுபொறி அப்படி வெளியிலிருந்து வரும் ஆள். ஆகவே, தமிழ் அதற்குக் கண்ணுக்குத் தெரியாத மொழியாகவே இருந்தது.

இதைச் சரிசெய்தது எந்தப் பெருநிறுவனமும் அன்று. இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழையும் அதில் ஏற்றினார். உலகின் முதல் தமிழ் இணையப் பக்கங்களில் ஒன்று அது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதற்கும் அவரே முன்னோடி. 1999-இல் அவர் மறைந்தார். நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 'முரசு அஞ்சல்' வழியாகத்தான் நம்மில் பலர் தமிழைத் தட்டக் கற்றோம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினார். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையன்று. இரவில் உறக்கம் கெட்டுச் செய்தது.

ஒற்றுமையாகச் செய்தார்களா என்றால், நம் இனத்தின் வழக்கப்படி இல்லை! அயலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழக அரசு 'தாப்', 'தாம்' என வேறு இரண்டை அறிவித்தது. நாற்காலிச் சண்டை தீரவில்லை. 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் எனும் அனைத்துலக அமைப்பு உருவானது. 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. இதற்கிடையில் 1991-லேயே ஒருங்குறி என்னும் உலகப் பொதுத் தரத்தில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதைப் பற்றியும் மனக்குறைகள் உண்டு. ஆனால், விண்டோஸ் 2000 முதலாக ஒருங்குறித் தமிழ் எழுத்துரு கணினியோடு சேர்ந்தே வரத் தொடங்கியதும் வழக்கு மெல்ல மெல்ல அதன் பக்கம் சாய்ந்தது. உலகில் எந்தக் கணினியிலும் 'அ'-வுக்கு ஒரே எண். அப்போதுதான் தமிழைத் தேட முடிந்தது.

கூகிள் இந்த நேரத்தில்தான் வருகிறது. 1998 செப்டம்பரில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இரு ஆய்வு மாணவர்கள் கலிபோர்னியாவில் ஒரு கார் கொட்டகையில் தொடங்கிய நிறுவனம் அது. எந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்கள் மிகுதியாகச் சுட்டுகின்றனவோ அதை முன்னால் காட்டுவது என்பதே அவர்களின் உத்தி. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியரைக் கைகாட்டினால் நாமும் அவரிடம் போவோம் அல்லவா? அது போன்றது. 2000-இல் தேடும் சொல்லுக்குப் பொருத்தமான விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டத் தொடங்கியது. பணம் அங்கிருந்துதான் கொட்டியது.

புதிய மொழிகளுக்குள் நுழைய அது கையாண்ட முறை வேடிக்கையானது. தன் பக்கத்தில் உள்ள சொற்களை அந்தந்த மொழியின் தன்னார்வலர்களையே மொழிபெயர்த்துத் தரச் சொன்னது. தமிழர்களும் மகிழ்ச்சியோடு செய்து கொடுத்தார்கள். 2003-இல் 'பிளாக்கர்' என்னும் வலைப்பதிவுச் சேவையை விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டை ஒட்டித்தான் தமிழில் வலைப்பூக்கள் பூக்கத் தொடங்கின. அதே ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா. அடுத்த ஆண்டில் வலைப்பூக்களைத் திரட்டிய தமிழ்மணம். நம் நாட்டிலும் ஆசிரியர்கள் பலர் எழுத வந்தோம். பள்ளி முடிந்து, வீட்டு வேலை முடிந்து, இரவு பதினொரு மணிக்கு இலக்கணக் குறிப்பு ஏற்றிய காலம் அது. இன்று தமிழில் எதையாவது தேடினால் கிடைப்பவற்றில் அந்தக் காலத்தில் யாரோ ஓர் ஆசிரியரோ மாணவரோ ஊதியமின்றி எழுதிவைத்தவை கணிசம்.

ஆனால், அந்த நிறுவனம் நம்மைச் சந்தையாக எண்ணியதா? இல்லை என்பதற்கு ஒரு சான்று போதும். வலைத்தள உரிமையாளர் தம் பக்கத்தில் விளம்பரம் வைத்துப் பங்கு பெறும் 'ஆட்சென்ஸ்' திட்டம் 2003-இல் தொடங்கியது. இந்திக்கு 2014-இல் இடம் கிடைத்தது. தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள்! நாம் எழுதினோம், அது தேடிக் காட்டியது, ஆனால், தமிழ்ப் பக்கத்திற்கு முறைப்படி ஒரு காசு விளம்பரம் கிடையாது. இடையில் 2011 ஜூனில் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் சேர்ந்தது. (முதலில் வந்த மொழிபெயர்ப்புகளை ஆசிரியர் அறையில் வாய்விட்டுப் படித்துச் சிரித்தோம். பிறகு மாணவர்களின் கட்டுரைகளில் அவை வரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.) 2017 ஆகஸ்டில் தமிழில் பேசித் தேடும் வசதி வந்தது.

2017, 2018-இல் ஏன் இந்த வேகம்? 2017-இல் கே.பி.எம்.ஜி. நிறுவனத்துடன் சேர்ந்து கூகிள் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2021-க்குள் இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 53.6 கோடியாக உயர்வர் என்று அது கணித்தது. இந்திய மொழிகளுள் இணையப் பயன்பாடு மிகுந்தது தமிழர்களிடையே என்றும், அது 42 விழுக்காடு என்றும் கூறியது. ஆங்கிலம் அறிந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். இனி வளர வேண்டுமானால் தாய்மொழிகள் வழியாகத்தான் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் மலேசியத் தமிழர் இல்லை. எண்ணப்பட்டது இந்தியா. எனினும், பேச்சறியும் சேவையின் மொழிப்பட்டியலில் 'தமிழ் (மலேசியா)' என்று நமக்கும் தனியிடம் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. பாட்டி பேசும் பெரட்டு, மங்கு, காண்டா வாளி, ஆயாக் கொட்டகை எல்லாம் அதற்குப் புரிய வேண்டுமானால் அச்சொற்கள் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லா நாட்டிலும் இந்நிறுவனம் எளிதாக வென்றுவிடவில்லை. சீனாவில் 2006-இல் அரசின் தணிக்கைக்கு உடன்பட்டுக் கடை திறந்து, 2010-இல் விலகியது. எனக்குச் சுவையாகப் படுவது தென்கொரியாதான். அங்கே நேவர் என்னும் உள்நாட்டுத் தேடுதளம் முன்னின்றது. தொடக்கத்தில் கொரிய மொழியில் பக்கங்கள் குறைவு. தேடினால் கிடைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே 2002-இல் மக்களையே கேள்வி கேட்கவும் விடை எழுதவும் வைத்தார்கள். சமையல், வீட்டுப் பாடம், மருத்துவம், ஊர்ச்செய்தி என இலட்சக்கணக்கில் குவிந்தன. கூகிள் வந்து சேர்வதற்குள் அவர்களிடம் சரக்கு நிறைந்திருந்தது.

நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் அது வந்த பாதை வேறு. 2013 ஏப்ரலில், மாணவர், ஆசிரியர், பெற்றோர் என ஒரு கோடிப் பேருக்குக் கூகிள் கணக்கு வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 'குரோம்புக்' கணினிகளும் பள்ளிகளுக்கு வந்தன. அப்போது நாம் எல்லாரும் 'ஃபுரோக்' தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம் என்பது ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். 2019 ஜூலையில் அதன் இடத்திற்குக் கூகிள் வகுப்பறை வந்தது. எட்டே மாதத்தில் பெருந்தொற்று. 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு. ஜூனில் 'டெலிமா' என்னும் தளம் கூகிள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றின் துணையோடு தொடங்கியது. வேறு எந்தக் காலத்திலும் பத்தாண்டு எடுத்திருக்கும் மாற்றம் ஒரே ஆண்டில் நடந்தது.

அந்த ஆண்டில் என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் லோரி ஓட்டும் அப்பாவின் சட்டைப் பையில். அவர் வீடு திரும்பியபின் இரவு பத்து மணிக்கு வீட்டுப் பாடம் வந்து சேரும். நானும் உறங்காமல் திருத்தி அனுப்புவேன். கணக்கு இலவசம்; தரவு இலவசமன்று. அதை வாங்கியது பெற்றோர்.

இலவசம் என்ற சொல் எனக்கு நம் தோட்ட வரலாற்றை நினைவூட்டுகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அதுதான். பிள்ளைக்குப் பள்ளி இருந்தால் தாய் தகப்பன் தோட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள் என்பது நிருவாகத்தின் கணக்கு. அப்பள்ளியில் படித்துத்தான் நம் முந்தைய தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியேறியது என்பது வேறு கதை. கொடுப்பவன் நோக்கம் ஒன்றாக இருக்கும்; வாங்குபவன் அதைக் கொண்டு செய்வது வேறாக இருக்கலாம். டெலிமா கணக்கைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். கூகிளைத் தோட்டத் துரை என்று சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன்.

ஆனால், ஒரு செய்தியைப் படித்தபோது அந்த நண்பர் நினைவுக்கு வந்தார். 2024 மே 30-இல், மலேசியாவில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டில் தன் முதல் தரவு மையத்தை அமைக்கப்போவதாகக் கூகிள் அறிவித்தது. இடம், நம் சிலாங்கூரில் எல்மினா வணிகப் பூங்கா. எல்மினா என்பது ஒரு தோட்டத்தின் பெயர்! அப்பக்கம் ஓடும் விரைவுச்சாலைக்குக் கத்ரி என்று பெயர். 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கி, மலாயாவின் மிகப் பெரிய தோட்ட முதலாளிகளுள் ஒன்றாக வளர்ந்த அந்தக் கத்ரி நிறுவனத்தை 1981 செப்டம்பர் 7-இல் இலண்டன் பங்குச் சந்தையில் நம் நாடு ஒரே காலைப்பொழுதில் வாங்கியது. 2007-இல் அது சைம் டார்பியோடு இணைந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டு மனைகள் வந்தன. இப்போது உலகத்தின் தேடல்களைச் சேமிக்கும் இயந்திரங்கள். நிலம் ஒன்றுதான். அந்த நிலத்தில் பால் எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அந்த இயந்திரங்களுக்குள் இருக்குமா என்று கேட்டால், யாராவது எழுதியிருந்தால் இருக்கும்.

எல்லாத் தேடலும் ஒரே வாயில் வழியாகப் போவது நல்லதா என்ற கேள்வியை இன்று நீதிமன்றங்களே கேட்கின்றன. இந்தியாவின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2024 ஆகஸ்டு 5-இல் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகிள் சட்டத்துக்குப் புறம்பாகத் தனியுரிமையைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் திறப்பதற்காக அது 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது. 2025 செப்டம்பரில் வந்த தீர்வுத் தீர்ப்பில் நிறுவனத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்து, சில தரவுகளைப் போட்டியாளரோடு பகிரச் சொன்னது. நீர் முழுவதையும் ஒரே சுவருக்குப் பின்னால் தேக்கிவைத்த ஊரில் வாழ்பவர்களுக்கு இதில் அச்சம் இருப்பது இயல்பே.

ஆனால், என் மாணவியின் சிக்கல் அந்தத் தீர்ப்பினால் தீராது. நாளை வேறு பத்துத் தேடுபொறிகள் வந்தாலும், எழுதாத தோட்டத்தை அவை எங்கிருந்து எடுத்துத் தரும்? 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றது. தொண்ணூற்று நான்கு ஆண்டுச் செய்திகள்! தோட்டத்துத் திருவிழாவும் வேலை நிறுத்தமும் பள்ளி விளையாட்டுப் போட்டியும் அந்தத் தாள்களில் உண்டு. நம் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்கள் அலமாரிகளில் கறையானுக்கு உணவாகின்றன. தோட்டத்துக் கிராணிமார்கள் எழுதிவைத்த பதிவேடுகள் தோட்டத்தோடு போயின. இதற்குக் கலிபோர்னியாவைக் குறை கூறிப் பயனில்லை.

அந்த மாணவியைப் பாட்டியிடம் கேட்டு மீண்டும் எழுதச் சொன்னேன். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெற்றோர்களிடம் பழைய பள்ளி மலர்களைக் கேட்டோம். இரண்டு வந்தன. ஒன்றில் முதல் பத்துப் பக்கங்கள் இல்லை. இருப்பதைப் பிள்ளைகள் முறை வைத்து ஒருங்குறியில் தட்டுகிறார்கள். நான் பிழை திருத்துகிறேன். பாட்டி சொன்னவற்றை அவள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். விடியற்காலைப் பெரட்டு, மழை நாளில் வெட்டு இல்லாமல் போன கூலி, கோயில் திருவிழாவுக்கு வந்த கூத்து எல்லாம் இருந்தன. தலைப்பிடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள்.

அந்தத் தோட்டத்திற்கு மூன்று பெயர்கள். பழைய ஆங்கிலேயக் கம்பெனி வைத்தது ஒன்று. பின்னாளில் வந்த மலாய்ப் பெயர் ஒன்று. நம் மக்கள் தங்களுக்குள் அழைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. மூன்றாவது பெயர் எந்தப் பலகையிலும் எழுதப்பட்டதில்லை. "எந்தப் பேரப் போடுறது டீச்சர்? எதப் போட்டா தேடுறவங்களுக்குக் கெடைக்கும்?" என்று கேட்டாள்.

மூன்றையும் போட்டோம். தமிழ்ப் பெயரை முதலில்.